இருபத்தேழு என்று சொன்ன வெர்னா

வெர்னா கோஸ்டியுக் தன் கல்யாணத்திலேயே கிலோமீட்டர் சொன்னவள். வாண்டர்ஹூஃப் ஊரின் உக்ரேனியத் தேவாலயத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தபோது, பாதி தூரத்தில் அவளுடைய வலது கை தானாக வாயருகே போயிற்று. "பாதி வழி, மேல, காலி" என்று அவள் முணுமுணுத்ததை முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். பாதிரியார் அதை ஏதோ பழைய ஜெபம் என்று நினைத்து ஆமென் சொன்னார். மாப்பிள்ளை ஆர்வில் மட்டும் சிரிக்கவில்லை. சடங்கு முடிந்து தன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது "கீழ, லோடு" என்று சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். சொன்னாள்.

கெட்டில் ரோட்டில் மர லாரி ஓட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பார்கள். அது ஒன்றரை வண்டி அகலமுள்ள சரளைச் சாலை. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கடவுளுக்கே தெரியாது, புழுதி வேறு. மலையிலிருந்து அறுபது டன் மரத்தோடு இறங்குகிற லாரி, ஓட்டுகிறவன் ஆசைப்பட்ட இடத்தில் நிற்காது. அதற்கு விருப்பமான இடத்தில்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் போர்டைத் தாண்டும்போதும் ரேடியோவில் சொல்லவேண்டும்: எந்த ரோடு, எத்தனையாவது கிலோமீட்டர், மேலே போகிறாயா கீழே வருகிறாயா, என்ன வண்டி, லோடா காலியா. எதிரே வருகிறவன் அதைக் கேட்டுக் கணக்குப் போட்டு, பக்கத்திலிருக்கும் ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி நிற்பான். எல்லாரும் உயிரோடு வீட்டுக்குப் போவார்கள்.

பத்தொன்பது வயதில் வெர்னா அந்தக் காட்டு முகாமின் சமையற்கட்டில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை ஒரு டிரைவர் குடல்வால் வலியில் சுருண்டு விழுந்துவிட்டான். வேறு வண்டி இல்லை. அவனைப் பக்கத்து இருக்கையில் படுக்கவைத்து, லோடோடு நின்ற அவனுடைய லாரியை நாற்பத்துநான்கு கிலோமீட்டர் இறக்கிக் கொண்டுவந்தாள். அதற்கு முன் அவள் ஓட்டியதெல்லாம் அப்பாவின் டிராக்டர்தான். வழி நெடுக அவன் அழுதான். வலியால் இல்லை என்று பிற்பாடு அவனே ஒப்புக்கொண்டான். அன்று அந்த இருக்கையில் உட்கார்ந்தவளை முப்பத்தொரு வருஷம் யாராலும் எழுப்ப முடியவில்லை.

அந்த முப்பத்தொரு வருஷத்தில் அவள் ஒருமுறைகூடப் பள்ளத்தில் இறங்கியதில்லை. கெட்டில் ரோட்டில் இது ஊரறிந்த விஷயம். மற்ற எல்லாரும் இறங்கியிருக்கிறார்கள், ஆனால் எவனும் தன் தப்பால் இறங்கியதில்லை. எல்லாம் மூஸ் செய்த வேலை. எருமை உயரத்துக்கு ஒரு மான் திடீரென்று குறுக்கே வந்தால் மனிதன் என்ன செய்வான்? பாறையில் இடித்தாலும் மூஸ், தூங்கி வழிந்து சரிந்தாலும் மூஸ், காப்பி மடியில் கொட்டினாலும் மூஸ். அலுவலகத்திலும் மூஸ் என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. மூஸை விசாரிக்க முடியாதல்லவா. "நான் இந்த ரோட்டுல முப்பது வருஷமா போறேன், உங்க மூஸு என் கண்ணுல மட்டும் படவே மாட்டேங்குதே" என்று வெர்னா ஒவ்வொருவனையும் முகத்துக்கு நேரே கேட்பாள். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

முழங்கால் போனபின் லாரியை விட்டாள். வீட்டில் இருந்து பார்த்தாள், நடக்கவில்லை. குளியலறைக்குப் போகும்போதும் வரும்போதும் கிலோமீட்டர் சொன்னால் எந்தப் புருஷனால் தாங்க முடியும்? ஒற்றைப் பூட்ஸ் என்ற ஏரியின் கரையில் இருந்த முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தியை ஆர்வில்தான் கொண்டுவந்தான். கெட்டில் ரோட்டின் நாற்பத்தோராவது கிலோமீட்டர். கூடாரம் போட ஏழு இடங்கள், இரண்டு கழிப்பறைகள், ஒரு படகுத்துறை. சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, விறகு இலவசம். மே மாதம் ஏறினால் செப்டம்பர் கடைசியில்தான் இறங்குவாள்; வாரம் ஒருநாள் மட்டும் சாமான் வாங்க ஊருக்கு வருவாள். காலையில் ஏரிமேல் லூன் பறவை கத்தும்போது டப்பா காப்பியோடு படகுத்துறையில் உட்காருவதற்காகவே தான் பிறந்ததாக அவள் நம்பினாள். நாலு கோடை இப்படிப் போயிற்று.

ஏரிக்கு வருகிறவர்களுக்குத்தான் பாவம், ஓய்வு கிடையாது. வண்டியை விட்டு இறங்குமுன்பே வெர்னாவின் வகுப்பு ஆரம்பமாகிவிடும். உபரி டயர் எத்தனை? ஒன்றா? இரண்டு வேண்டும். டாங்கி நிறைய பெட்ரோல் இருக்கிறதா? எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டு வந்தீர்களா? வாடகைக்கு எடுத்த ரேடியோ வேலை செய்கிறதா? முகப்பு விளக்கு பகலிலும் எரிகிறதா? ஒதுங்குமிடம் சமதரையாக இருக்கிறதே என்று அங்கே கூடாரம் போடுவீர்களா? போடமாட்டோம் என்று தலையாட்டினால், அதை வாயால் சொல்லச் சொல்வாள்.

ஒருமுறை வான்கூவரிலிருந்து வந்த ஒரு தம்பதி ரேடியோவில் பேசியதை ரோடே இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

"எல்லாருக்கும் வணக்கம். நாங்க ரொம்ப அழகான ஒரு வளைவுல இருக்கோம்."

"எந்த வளைவு?" என்று ஒரு லாரிக்காரன் கேட்டான்.

"இடது பக்கம் நிறைய மரம் இருக்கு."

"அம்மா, அறுபது கிலோமீட்டருக்கும் மரம்தாம்மா. நம்பரைச் சொல்லுங்க."

"நம்பரா? அறுநூத்தி நாலு..." என்று அந்த அம்மாள் தன் தொலைபேசி எண்ணைச் சொல்ல ஆரம்பித்தாள். லாரிக்காரன் பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

சிரிப்பு ஒரு பக்கம். அந்த வருஷம் ஜூலைக்குள் இரண்டு நிஜமான ஆபத்துகள் வந்துபோயின. கேரவன் இழுத்துக்கொண்டு வந்த ஒருவர் பருந்தைப் படம் பிடிக்க நடுச்சாலையில் நிறுத்தினார்; பின்னால் வந்த லாரி பாறைச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. ஒரு குடும்பம் ஒதுங்குமிடத்திலேயே கூடாரம் அடித்து, துவைத்த துணியைக் கிலோமீட்டர் போர்டின்மேல் காயப்போட்டது. பதினெட்டாம் கிலோமீட்டர் இரண்டு நாள் குழந்தைச் சட்டைகளுக்குப் பின்னால் காணாமல் போயிருந்தது.

மரக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி கார்னெட் போசொலே நேரில் ஏரிக்கு வந்தான். மடிப்புக் கலையாத ஆரஞ்சுச் சட்டை, கையில் அட்டை, அதில் படிவம். கெட்ட மனிதன் இல்லை. யாராவது செத்துப்போய்விடுவார்களோ என்ற பயத்திலேயே நாற்பது வயதில் முடி கொட்டியவன்.

"மிஸஸ் கோஸ்டியுக், இந்த வருஷம் ரெண்டு ஆச்சு. மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. செப்டம்பர் முதல் திங்கள் லீவுக்குள்ள முகாம்காரங்களால மூணாவது ஒண்ணு நடந்துச்சுன்னா, கீழ கேட்டைப் பூட்டிருவோம். பொதுமக்கள் யாரும் உள்ள வர முடியாது."

"அப்ப ஏரி?"

"ஏரி இருக்கும். ஆள்தான் இருக்க மாட்டாங்க."

வெர்னா ஆர்விலோடு வருஷம் முழுக்க அந்த வீட்டில் இருப்பதை நினைத்தாள். ஆர்வில் நல்லவன்தான், அதுதான் கஷ்டம், சண்டை போடக்கூட வழியில்லை.

போதாததற்கு கார்னெட் இன்னொரு காகிதத்தையும் நீட்டினான். கீழே நெடுஞ்சாலையிலிருந்து புதிதாக ஒரு இணைப்பு போட்டாயிற்று. பழைய ஆலையைச் சுற்றிக்கொண்டு வந்த முதல் மூன்று கிலோமீட்டர் இனி இல்லை. ஆகஸ்ட் முதல் திங்களிலிருந்து ரோடு முழுக்கப் புதுப் போர்டு. எல்லா எண்ணிலும் மூன்று குறையும். நாற்பத்தொன்றில் இருந்த ஏரி முப்பத்தெட்டுக்கு வந்துவிடும், நகராமலே.

வெர்னா அதைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள். கழிப்பறைக் கதவு இரண்டிலும் அறிவிப்பை ஒட்டினாள், உள்பக்கமாக, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே இருக்கும்படி. "போர்டைப் பாரு, போர்டைப் படி, போர்டுல இருக்கறதைச் சொல்லு. உன் மண்டைல இருக்கறதை எவனும் கேக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மூன்று வாரம் முகாம்காரர்கள் ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பழைய எண் எதுவும் தெரியாது, போர்டைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெர்னா இதையெல்லாம் தன் வகுப்பின் மகிமை என்று எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசி வாரம், ஒரு வியாழன் காலை பத்து மணி. வெர்னா ஊரிலிருந்து சாமான்களோடு ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் உறைந்த பெரோகிக் கொழுக்கட்டை ஒரு பெட்டி; பிக்கப் வண்டியின் பின்புறம் கேக் மாவு இரண்டு மூட்டை, மீதி இடம் முழுக்கக் கழிப்பறைக் காகித உருளைகள். நாலாம் நம்பர் இடத்துக்காரர் முந்தின நாள் போர்டு வருவதற்கு இருபது அடி முன்பாகவே எண்ணைச் சொல்லிவிட்டார். அவரை எப்படிப் பிடிபிடியென்று பிடிப்பது என்று வெர்னா மனதுக்குள் வசனம் அடுக்கிக்கொண்டு வந்தாள். நல்ல வசனங்கள். அந்தச் சுவாரஸ்யத்தில் சாய்ந்த ஸ்ப்ரூஸ் மரம் இருக்கும் வளைவு வந்தது. முப்பத்தொரு வருஷமாக அந்த மரம் வந்தால் அவளுடைய கை மைக்கை எடுக்கும், வாய் எண்ணைச் சொல்லும். அவளைக் கேட்பதில்லை.

"கெட்டில், இருபத்தேழு, மேல, பிக்கப்."

மரத்தடியில் புத்தம்புது மஞ்சள் போர்டு இருபத்துநாலு என்று சொல்லிக்கொண்டு நின்றது. அதை அவள் பார்க்கவே இல்லை.

அதே நேரம் மேலேயிருந்து லோடோடு இறங்கிக்கொண்டிருந்தவன் தேடியஸ் பிரின்ஸ். நக்காஸ்ட்லி ஊர்க்காரன், வெர்னாவோடு பதினெட்டு வருஷம் அதே ரோட்டில் ஓட்டியவன், அவளைக் கிண்டல் செய்ய உரிமை பெற்ற ஒரே ஆள். அவன் சொன்னான்: "கெட்டில், இருபத்தஞ்சு, கீழ, லோடு."

வெர்னா அதைக் கேட்டாள். தான் இருபத்தேழில் இருக்கிறோம், அவன் இருபத்தைந்தில் இறங்கிக்கொண்டிருக்கிறான், அப்படியானால் தன்னைத் தாண்டிக் கீழே போயாயிற்று. "திமிரைப் பாரு, கைகூடக் காட்டாம போறான்" என்று நினைத்தாள். தேடியஸும் அவள் சொன்னதைக் கேட்டான். அவள் இருபத்தேழில் ஏறுகிறாள், தான் இருபத்தைந்தில் இருக்கிறோம், தாண்டிவிட்டாள். "எப்படா தாண்டினா? நான் காப்பி ஊத்தும்போதா?" என்று அவனுக்குக் குழப்பம்தான். ஆனால் வெர்னா தப்பாகச் சொல்வாளா? இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாண்டிவிட்டதாக நிம்மதியாக நினைத்துக்கொண்டு, நடுச்சாலையில், ஒருவரை நோக்கி ஒருவர் வந்தார்கள்.

வளைவில் லாரியின் முன்பக்கம் தெரிந்ததும் வெர்னா யோசிக்கவில்லை. ஸ்டியரிங்கை வலதுபுறம் ஒடித்தாள். பிக்கப் ஓரத்தை விட்டு இறங்கி, ஆல்டர் புதருக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. லாரி புழுதியையும் சத்தத்தையும் கிளப்பிக்கொண்டு பக்கத்தில் போய், வெகுதூரம் போய், நின்றது. கட்டு அவிழ்ந்த காகித உருளைகள் ஒவ்வொன்றாகக் குதித்து, சாலை நெடுக வெள்ளை நாடா விரித்துக்கொண்டு ஓடின. ஒன்று மட்டும் லாரியைத் துரத்திக்கொண்டே போயிற்று.

தேடியஸ் திரும்பி ஓடிவந்தான். ஐம்பத்தாறு வயதில் அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"வெர்னா. வெர்னா. உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். கத்தாத."

"கையக் காலை ஆட்டு."

"ஆட்டறேன். கதவுதான் திறக்கல. அந்தப் பக்கமா இழு."

இழுத்தான். அவள் பெரோகிப் பெட்டியோடு வெளியே வந்து விழுந்தாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தி, உடம்பில் ஒட்டியிருந்த இலையையெல்லாம் தட்டிவிட்டான். பிறகுதான் இரண்டு பேரும் சற்றுக் கீழே நின்ற அந்த மஞ்சள் போர்டைப் பார்த்தார்கள்.

"இருபத்தேழுன்னு சொன்னியே" என்றான் தேடியஸ் மெதுவாக.

"சொன்னேன்."

"கக்கூஸ் கதவுலகூட ஒட்டியிருந்தியே."

"ஒட்டினேன். போதும் விடு."

வெர்னா சாலையோரத்திலேயே உட்கார்ந்தாள். முதலில் வந்தது வெட்கம், அது காதுவரை சுட்டது. அதற்கடுத்து ஏரி ஞாபகம் வந்தது. மூன்றாவது சம்பவம். கேட்டுக்குப் பூட்டு. முகாமிலிருந்து யாரோ ஒரு பருந்துப் பைத்தியம் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

தேடியஸுக்கு அவள் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இங்க பாரு, யாரும் பாக்கல. நீயும் நானும்தான். மூஸ்னு சொல்லிடலாம்."

"முப்பத்தொரு வருஷமா மூஸையே பாத்ததில்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நான்."

"இப்ப பாத்தேன்னு சொல்லு. வயசாச்சு, இப்பத்தான் கண்ணு தெளிஞ்சிருக்கு. நல்ல பெரிய மூஸு, கொம்பே ஆறடி. நான் சாட்சி."

வெர்னா அந்த மூஸை ஒரு நிமிஷம் மனதில் நிறுத்திப் பார்த்தாள். அழகான மூஸ்தான். மேய்ந்துகொண்டே சாலையைக் கடந்து போயிற்று. கேட்டு திறந்தே இருந்தது. அவள் படகுத்துறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"தேட், எனக்கே வாய் தானா இருபத்தேழுன்னு சொல்லிச்சு. நீயும் நம்பிட்ட. மூஸ் மேல பழி போட்டா, அடுத்த வாரம் இதே இடத்துல இன்னொருத்தன் பழைய நம்பரைச் சொல்லுவான். எதிர்ல வர்ற வண்டில கக்கூஸ் பேப்பர் இருக்காது. புள்ளைங்க இருக்கும்."

"அப்ப ஏரி?"

"எனக்கு அழுகையா வருது, நீ வேற கேக்காத" என்றாள். அழவும் செய்தாள், கொஞ்சம். அவன் கைக்கெட்டிய காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தான். அதற்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு, புதருக்குள் தலையை விட்டு மைக்கை இழுத்தாள்.

"கெட்டில், இருபத்துநாலு, பள்ளத்துல, பிக்கப். நான் வெர்னா பேசறேன். யாருக்கும் அடி இல்ல. போர்டைப் பாக்காம பழைய நம்பரைச் சொன்னேன். லோடு என் மேல ஏற இருந்தது. தப்பு என்னுது, தேடியஸுது இல்ல. மூஸ் எதுவும் வரல."

ரேடியோவில் ஒரு தொண்டை கனைத்தது. ரோடு சீவும் இயந்திரம் ஓட்டுகிறவன்.

"செவ்வாக்கிழமை நானும் பழைய நம்பர்தான் சொன்னேன். முப்பத்திமூணுல. யாரும் எதிர்ல வரல, அதனால சும்மா இருந்துட்டேன்."

"நான் ரெண்டு தடவை" என்றாள் தண்ணி லாரிக்காரி.

"போன வாரம் நான் பாலத்துகிட்ட மூஸ்னு சொன்னேன்ல?" என்றது இன்னொரு குரல். "மூஸ் இல்ல."

"எங்களுக்குத் தெரியும்டா" என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில்.

அதற்குப்பின் மடை திறந்துவிட்டது. பாவமன்னிப்புக் கேட்க வரிசையில் நிற்பதுபோல ஒவ்வொருவனும் தன் கிலோமீட்டரைச் சொன்னான். ஒருவன் மூன்று வருஷத்துக்கு முன்பு தன் மாமனார் வண்டியை இடித்ததையும் சேர்த்துச் சொன்னான். அதைக் கேட்க மாமனாரும் அதே அலைவரிசையில் இருந்தார். தேடியஸ் விரல் விட்டு எண்ணினான். ஒன்பது பேர். எல்லாரும் பத்து வருஷத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஓட்டியவர்கள்.

மறுநாள் காலை கார்னெட் ஏரிக்கு வந்தான். கையில் அட்டை, படிவம், கூடவே ஒரு பெரிய புதுப் பூட்டு. வெர்னா படகுத்துறையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கேட்டுக்கா?"

"கேட்டுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "ராத்திரி முழுக்க யோசிச்சேன் மிஸஸ் கோஸ்டியுக். இந்த மாசம் தப்பா நம்பர் சொன்னவங்க உங்களோட சேத்து பதினொரு பேர். அதுல முகாம்காரங்க எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல. முப்பது வருஷம் ஓட்டினவங்கதான் ஆபத்து. அவங்க போர்டைப் பாக்கறதே இல்ல, மரத்தைத்தான் பாக்கறாங்க."

"பூட்டைப் போட்டு எங்க எல்லாரையும் வெளிய நிறுத்து அப்ப."

"அப்புறம் மரத்தை யார் இறக்குவா?" என்றவன் படிவத்தை அவள் மடியில் வைத்தான். அதில் இரண்டு கட்டங்கள். தப்பு யாருடையது: முகாம்காரர், ஓட்டுநர். "இதுலதான் சிக்கல். நீங்க இப்ப லாரி ஓட்டறதில்ல. முகாம்லதான் இருக்கீங்க. முகாம்காரர்னு டிக் அடிச்சா அது மூணாவது சம்பவம், கேட்டு பூட்டிரும். ஆனா உங்க பழைய ரெக்கார்டு அப்படியே சுத்தமா இருக்கும். ஓட்டுநர்னு டிக் அடிச்சா கேட்டு திறந்திருக்கும். ஆனா இது உங்க லாரி ரெக்கார்டுல ஏறிரும். முப்பத்தொரு வருஷமும் ஒரு பள்ளமும்னு இருக்கும்."

வெர்னா படிவத்தைப் பார்த்தாள். அந்தச் சுத்தமான ரெக்கார்டை அவள் ஆர்விலைவிட அதிகமாக நேசித்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை. இனி எந்தப் பயலையும் முகத்துக்கு நேரே மூஸ் கேள்வி கேட்க முடியாது. அவர்கள் கேட்பார்கள். கல்லறைக்குப் போகும்வரை கேட்பார்கள். தேடியஸ் கல்லறைக்கு வந்தும் கேட்பான்.

"பேனா குடு" என்றாள்.

டிக் அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது. கார்னெட் அதை மடித்து வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் தயங்கினான்.

"இன்னொரு உதவி வேணும். ரெண்டு வாரத்துக்கு, பழைய ஆளுங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ரோடே தெரியாத ஒருத்தர் உக்காந்து போர்டைப் படிச்சுச் சொல்லணும்னு உத்தரவு போட்டிருக்கேன்."

"கம்பெனில ரோடு தெரியாதவன் இல்லையா?"

"எனக்குத்தான் தெரியாதுன்னு நினைச்சேன். அந்தப் பதினொண்ணுல நானும் ஒருத்தன்" என்று அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்க முகாம்ல ஒண்ணுமே தெரியாதவங்க எத்தனை பேர் இருக்காங்க?"

நாலு கோடையாக இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று புலம்பியவள், ஏழு இடங்களையும் திரும்பிப் பார்த்தாள். ஒருவர் தலைகீழாகக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பச்சை விறகை ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேரையும் ஒருசேர அவளுக்குப் பிடித்துப்போனது அன்றுதான்.

"எல்லாருமே அப்படித்தான்" என்றாள் பெருமையாக. "பொறுக்கி எடுத்துக்க."

திங்கட்கிழமை விடிந்ததும் லாரிகள் ஏரிமுனையில் வரிசை கட்டி நின்றன. மடக்கு நாற்காலியும் வெயில் தொப்பியுமாக முகாம்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். தேடியஸுக்கு ஒரு புல்லாங்குழல் வாத்தியார் கிடைத்தார். போர்டை அவர் ராகம் போட்டுப் படித்ததாகக் கேள்வி. வெர்னாவுக்கு வந்து சேர்ந்தவள் ஹர்லீன் தில்லோன், சர்ரேயில் பல் டாக்டர், வாழ்க்கையில் முதல்முறையாகக் காட்டைப் பார்க்கிறவள். பிக்கப்பின் நசுங்கிய கதவைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்தேழிலிருந்து ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்தாள். வெர்னா அவள் சொன்னதையே திருப்பி மைக்கில் சொன்னாள்.

சாய்ந்த மரம் வந்தது. புதரில் இன்னும் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. வெர்னாவின் கை மைக்கை எடுத்தது, நாக்கு இருபத்தேழுக்கு வளைந்து நின்றது. அவள் அதைக் கடித்துப் பிடித்தாள்.

"இருபத்துநாலு, ஆன்ட்டி" என்றாள் ஹர்லீன்.

"கெட்டில், இரு... த்... நாலு, கீழ, பிக்கப்."

"பாதியை முழுங்கிட்டீங்க. எதிர்ல வர்றவங்களுக்குப் புரியாது. வாயை நல்லாத் திறந்து சொல்லுங்க."

வெர்னா அவளை ஒருதரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு மைக்கை அழுத்தி, கடைவாய்வரை தெரியும்படி வாயைத் திறந்து, மறுபடி சொன்னாள்.